பூட்டிய கட்டடத்துக்குள் என்ன இருக்கிறது? பதின்வயதினரை இழுக்கும் ‘அர்பெக்ஸ்’: பேச்சிப்பாறையிலிருந்து ஒரு விளக்கம்

பேச்சிப்பாறை அணைக்கு வருகிறவர்கள் பொதுவாக மூன்று வேலை செய்வார்கள். தண்ணீரைப் பார்ப்பார்கள், செல்ஃபி எடுப்பார்கள், திற்பரப்பு அருவிக்குக் கிளம்பிவிடுவார்கள். இந்த அணையைக் கட்டிய இன்ஜினீயர் அதன் பக்கத்திலேயே புதைக்கப்பட்டிருக்கிறார் என்பதை அவர்களில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

அதே ஊரில் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பையனை எண்ணிக்கொள்ளுங்கள். ராத்திரி போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே போகிறான். செர்னோபில் பக்கத்தில் ஆளில்லாத நகரம், டெட்ராய்ட்டில் மூடிய தொழிற்சாலை, ஜப்பானில் யாருமில்லாத தீவு என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. மறுநாள் காலையில் பஸ்ஸில் போகும்போது, தினமும் பார்க்கிற அந்தப் பாழடைந்த குவார்ட்டர்ஸ் வேறு மாதிரித் தெரிகிறது. கூட்டாளியிடம் கேட்கிறான்: “லேய், ஞாயித்துக்கிழம உள்ள போயி பாப்பமா?”

அந்தக் கேள்விக்கு உலகம் முழுக்க ஒரு பெயர் இருக்கிறது: அர்பன் எக்ஸ்ப்ளோரேஷன், சுருக்கமாக ‘அர்பெக்ஸ்’. அந்தப் பையனோ, அவனைப் போன்ற ஒரு பெண்ணோ இந்த ஆர்வத்தைக் கையில் எடுத்தால் என்ன ஆகும்? எங்கே தொடங்கலாம், எங்கே நிற்க வேண்டும்?

அர்பெக்ஸ் என்றால் என்ன?

மனிதர்கள் கட்டி, பயன்படுத்தி, பிறகு விட்டுவிட்டுப் போன இடங்களைத் தேடிப் போய்ப் பார்ப்பது, படம் எடுப்பது, அதன் கதையைத் தெரிந்துகொள்வது. இதுதான் அர்பெக்ஸ். மூடிய மில், பழைய ஆஸ்பத்திரி, ஓடாத ரயில் பாதை, தண்ணீர் போகாத சுரங்கக் கால்வாய், இடிந்த கோட்டை எல்லாம் இதில் அடக்கம்.

மலையேற்றத்தில் இயற்கையைப் பார்க்கிறோம், அர்பெக்ஸில் மனிதர்கள் விட்டுச்சென்றதைப் பார்க்கிறோம். சுவரில் தொங்கும் பழைய காலண்டர், துருப்பிடித்த மெஷின், அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் என்று சின்னச் சின்னப் பொருள்கள்தான் இதில் ஈர்ப்பு.

தமிழர்களுக்கு இது புதிதில்லை, பெயர்தான் புதிது. கிராமத்துப் பாழ்மண்டபத்தில் ஒளிந்து விளையாடியவர்கள், பூட்டிக்கிடந்த ஜமீன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தவர்கள் எல்லாத் தலைமுறையிலும் இருந்திருக்கிறார்கள். சென்னையின் பின்னி மில்லை உள்ளே போய்ப் பார்க்காதவர்களும் சினிமாச் சண்டைக்காட்சிகளில் பார்த்திருப்பார்கள். மூடிக் கிடக்கும் இடத்துக்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது என்பது கேமராக்காரர்களுக்கு எப்போதோ தெரிந்த விஷயம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

1980-களிலேயே ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ‘கேவ் கிளான்’ என்ற குழு மழைநீர் வடிகால் சுரங்கங்களுக்குள் நடக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் இதை ஒரு பொழுதுபோக்காக எழுதி, விதிமுறை சொல்லிப் பரப்பியவர் என்று பெரும்பாலும் சொல்லப்படுபவர் கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த ஜெஃப் சாப்மேன். ‘நிஞ்சாலிஷியஸ்’ என்ற புனைபெயரில் 1996 முதல் ‘இன்ஃபில்ட்ரேஷன்’ என்ற சிறு பத்திரிகையை நடத்தினார். அவர் எழுதிய கையேடு 2005-ல் வந்தது. அதே ஆண்டில், 31 வயதில், புற்றுநோயால் இறந்துபோனார்.

இந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. எதையும் உடைக்காதே, எதையும் எடுக்காதே, எதையும் எழுதிவைக்காதே. படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வா. பூட்டை உடைத்தால் அது திருட்டுக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. சுவரில் காதலி பெயரைக் கிறுக்கினால் அது நாசவேலை.

சோஷியல் மீடியா வந்தபிறகு கதை மாறியது. பார்ப்பதற்காகப் போனவர்கள் காட்டுவதற்காகப் போக ஆரம்பித்தார்கள். ஒருவர் பத்தடி உயரத்தில் நின்றால் அடுத்தவர் இருபதடியில் நிற்கவேண்டிய கட்டாயம். பெரும்பாலான விபத்துகளின் வேர் இருட்டில் இல்லை, இந்தப் போட்டியில்தான் இருக்கிறது.

குணா குகை: இரண்டு முறை சொல்லப்பட்ட பாடம்

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு நிஜச் சம்பவம் இருக்கிறது. 2006-ல் கொச்சி அருகே உள்ள மஞ்ஞும்மலிலிருந்து ஒரு நண்பர் குழு கொடைக்கானலுக்கு வந்தது. 1991-ல் வெளிவந்த கமல்ஹாசனின் ‘குணா’ படத்தால் புகழ்பெற்ற குகையைப் பார்க்கப் போனார்கள். தடுப்பைத் தாண்டி உள்ளே இறங்கினார்கள். இலைச் சருகும் மண்ணும் மூடியிருந்த பாறை இடுக்குக்குள் சுபாஷ் என்ற இளைஞர் விழுந்தார். நண்பர்கள் கூப்பிட்டார்கள், முதலில் பதில் வரவில்லை. கடைசியில் சிஜு டேவிட் என்ற நண்பர் கயிறு கட்டி இறங்கி அவரை மேலே கொண்டுவந்தார். அந்தத் துணிச்சலுக்காக அவருக்கு ஜீவன் ரக்ஷா பதக்கம் கிடைத்தது.

2024 பிப்ரவரியில் இந்தக் கதை ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படமாக வந்து தமிழ்நாட்டிலும் பெரிய வெற்றி பெற்றது. நாகர்கோவில், மார்த்தாண்டம் தியேட்டர்களில் பார்த்தவர்களுக்கு மலையாளம் புரிய சப்டைட்டில்கூடத் தேவைப்பட்டிருக்காது.

அடுத்து நடந்ததுதான் கவனிக்கவேண்டியது. படம் ஓடிக்கொண்டிருந்தபோதே, குணா குகையின் தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் இறங்கிய ராணிப்பேட்டை பக்கத்து இளைஞர்கள் மூவரை வனத்துறை கைது செய்தது. தடுப்பைத் தாண்டியதால் வந்த விபத்தைச் சொன்ன படம் அது. அதைப் பார்த்துவிட்டு அதே தடுப்பைத் தாண்ட ஆள் வந்தது.

‘எச்சரிக்கை’ என்று போர்டு வைத்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆர்வத்தைப் பூட்டிவைக்க முடியாது, அதற்கு வேறு வழி காட்டத்தான் முடியும்.

பேச்சிப்பாறையில் அப்படி என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி ‘கைவிடப்பட்டது’ இல்லை. இங்கேதான் புதிதாகத் தொடங்குபவர்கள் ஏமாறுகிறார்கள்.

கோதையாற்றின் குறுக்கே 1897-ல் தொடங்கி 1906-ல் முடிக்கப்பட்டது பேச்சிப்பாறை அணை. அப்போது இது திருவிதாங்கூர் சமஸ்தானம், மன்னர் மூலம் திருநாள். பொறியாளர் ஹம்ப்ரி அலெக்சாண்டர் மிஞ்சின். ஊர்க்காரர்கள் அவரை ‘மூக்கன் துரை’ என்று செல்லமாகக் கூப்பிட்டதாகச் சொல்வார்கள். 1913-ல் இறந்த அவரை அணைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோது அணையும் கூடவே வந்தது.

அணைக்கு மேலே மலைக்குள் கோதையாறு நீர்மின் நிலையங்கள். கீழ் கோதையாறிலிருந்து மேல் கோதையாறு போக மின்வாரியத்தின் ‘விஞ்ச்’ உண்டு. சுற்றிலும் அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள். 1964-ன் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் பல இந்தத் தோட்டங்களில்தான் மறுவாழ்வு பெற்றன. நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்துபோக வேண்டிய காணி மக்களின் குடியிருப்புகளும் உண்டு.

இப்போது அந்தப் பையனின் கண்ணால் பாருங்கள். பூட்டிய பழைய குவார்ட்டர்ஸ், காட்டுக்குள் போகும் விஞ்ச் பாதை, தண்ணீருக்கு அந்தப் பக்கம் தெரியும் குடிசை, எல்லாமே ‘ஸ்பாட்’ மாதிரித் தெரியும். ஆனால் விஞ்ச் மின்வாரிய ஊழியர்கள் வேலைக்குப் போகும் வண்டி. குவார்ட்டர்ஸ் அரசுச் சொத்து. அந்தப் பக்கம் தெரிவது ஒரு குடும்பத்தின் வீடு. வெளியூர்க்காரர் ஒருவர் கேமராவோடு முற்றத்தில் வந்து நின்றால் நம் வீட்டில் யாருக்குப் பிடிக்கும்?

இன்னொரு விஷயம் காடு. 2023 ஜூன் மாதம் தேனி மாவட்டத்தில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் யானையை வனத்துறை கொண்டுவந்து விட்டது மேல் கோதையாறு பகுதியில்தான். அடுத்த மாதமே பேச்சிப்பாறை–சிற்றாறு பக்கம் ஆடு, மாடுகளை அடித்துவந்த ஒரு புலியையும் வனத்துறை பிடித்தது. பால்வெட்டுக்குப் போகிறவர்கள் அந்த நாட்களில் கூட்டமாகத்தான் போனார்கள். இங்கே ‘யாருமில்லாத கட்டடம்’ என்றால் மனிதர்கள் இல்லை என்று மட்டுமே அர்த்தம்.

உள்ளே என்னதான் ஆபத்து?

பேயைத் தவிர மற்ற எல்லாம் இருக்கலாம். முக்கியமானவை இவை:

தரை: குமரி மாவட்டத்துப் பழைய வீடுகளில் மரமச்சு உண்டு. உத்தரமும் கழுக்கோலும் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே கரையான் தின்று வெறும் கூடாக இருக்கும். ஒரு ஆள் பாரம் போதும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரையில் ஏறுவது அதைவிட மோசம். உடைந்தால் நேராகக் கீழே. அந்தத் தூளும் நுரையீரலுக்குக் கேடு.

கிணறு: பாழடைந்த வளாகங்களில் கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறுகள் செடியும் கொடியும் மூடிக் கிடக்கும். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. ஒரே மழைக்காலத்தில் பச்சை மூடிவிடும்.

காற்று: அதிகம் பேர் அறியாத எமன் இதுதான். மூடிய தொட்டி, பழைய கிணறு, சுரங்கம் ஆகியவற்றில் ஆக்சிஜன் குறைந்திருக்கும், விஷவாயு தேங்கியிருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அழுகிய முட்டை வாடை அடிக்கும், அளவு கூடினால் மூக்கு அந்த வாடையையே உணராமல் போய்விடும். முதலில் இறங்கியவர் மயங்குவார், காப்பாற்ற இறங்கியவரும் மயங்குவார். கழிவுநீர்த் தொட்டி மரணங்களில் தமிழ்நாடு திரும்பத் திரும்பப் பார்த்த காட்சி இது. தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. 2020-ல் அந்தக் கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றில் திருட இறங்கியவர்களில் மூன்று பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். மூடிய சுரங்கம் விளையாட்டுக்கான இடமே இல்லை.

பாம்பும் எலியும்: நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்குமே இடிபாடு பிடித்த இடம். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் காயம்பட்ட காலை வைத்தால் எலிக்காய்ச்சல் வரலாம். வெறும் செருப்போடு போவது தப்பு. பாம்பு கடித்தால் கீறுவதோ உறிஞ்சுவதோ இறுக்கிக் கட்டுவதோ வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். பேச்சிப்பாறையிலிருந்து நாகர்கோவிலுக்குச் சுமார் 40 கிலோமீட்டர் என்பதும், மலைக்குள் போனால் சிக்னல் கிடைக்காது என்பதும் முன்கூட்டியே கணக்கில் வரவேண்டும்.

தண்ணீர்: கால்வாயும் ஆறும் காய்ந்து கிடக்கிறதே என்று மதகுக்குக் கீழே இறங்கக் கூடாது. மலையில் பெய்த மழை ஊரில் தெரியாது. அணையில் தண்ணீர் திறந்தால் கீழே கோதையாறும் குழித்துறை தாமிரபரணியும் வேகமாக ஏறும்.

சட்டம் என்ன சொல்கிறது?

“யாருமே இல்லாத இடம்தானே” என்பது சட்டத்தின் முன் எடுபடாது. இந்தியாவில் சொந்தக்காரர் இல்லாத கட்டடம் என்று கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. தனியாருடையது இல்லையென்றால் அரசுடையது.

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-வது பிரிவு அத்துமீறி நுழைவதைப் பற்றியது. குற்றம் செய்யவோ, இடத்தை வைத்திருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொந்தரவு செய்யவோ எண்ணி நுழைந்தால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அதே நோக்கத்தோடு வீடு போன்ற கட்டடத்துக்குள் நுழைந்தால் சிறை ஓராண்டு வரை போகலாம். ‘எனக்கு அப்படி எண்ணமே இல்லை’ என்று பின்னால் வாதாடலாம்தான். ஆனால் பூட்டை உடைத்திருந்தாலோ, கையில் ஒரு பழைய பித்தளைப் பூண் இருந்தாலோ அந்த வாதம் நிற்காது.

சில இடங்களுக்குத் தனிச் சட்டமே உண்டு. ரயில்வே இடத்துக்குள் அத்துமீறினால் 1989 ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவு: 6 மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம். காப்புக்காட்டுக்கும் வனவிலங்கு சரணாலயத்துக்கும் வனத்துறை அனுமதி வேண்டும். மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அணை, மின்நிலையம் போன்றவற்றில் படம் எடுக்கவும் ட்ரோன் பறக்கவிடவும் தடை இருக்கலாம், போர்டைப் பார்த்துவிட்டுத்தான் போனையே எடுக்க வேண்டும்.

18 வயதுக்குக் கீழே இருந்தால் 2015-ன் சிறார் நீதிச் சட்டம் பொருந்தும். வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். ஜெயில் இல்லை என்பதால் விஷயம் சின்னது என்று ஆகிவிடாது. பரீட்சை நேரத்தில் அப்பா, அம்மாவோடு ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பதே போதுமான தண்டனை.

அப்படியென்றால் எப்படித் தொடங்குவது?

நல்ல செய்தி, குமரி மாவட்டத்தில் வேலி தாண்டாமலேயே பார்க்கக் கிடைப்பது ஏராளம். ஒரு தொடக்கக்காரர் இப்படி வரிசைப்படுத்திக்கொள்ளலாம்.

முதல் படி, திறந்திருக்கும் இடங்கள். தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. சுமார் 90 ஏக்கர். 1741-ல் குளச்சல் போரில் டச்சுப் படை மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது. அதில் பிடிபட்ட டச்சு அதிகாரி டி லனாய், பிறகு அதே திருவிதாங்கூரின் படைத்தலைவராகவே ஆனார். 1777-ல் இறந்த அவரது கல்லறை, கோட்டைக்குள் கூரையில்லாத ஒரு சிற்றாலயத்தில் இருக்கிறது. அதில் தமிழ், லத்தீன் இரண்டிலும் கல்வெட்டு உண்டு. வனத்துறையின் பூங்காவாக இருப்பதால் உள்ளே போவதற்கு யாரிடமும் ஒளியவேண்டியதில்லை.

அடுத்து மாத்தூர் தொட்டிப்பாலம். காமராஜர் காலத்தில் திட்டமிடப்பட்டு 1966-ல் கட்டப்பட்டது. 28 தூண்கள், 115 அடி உயரம். பறளியாற்றுக்கு மேலே, ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீரை நடத்திக்கொண்டுபோகும் தொட்டி. மேலே நடந்துபோகலாம். பெரும்பாலானவர்கள் மேலே நின்று போட்டோ எடுத்துவிட்டுத் திரும்புவார்கள். கீழே இறங்கித் தூண்களுக்கு நடுவே நின்று, ‘இந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது, எங்கே போகிறது’ என்று கேட்கிற பையன் எக்ஸ்ப்ளோரர் ஆகத் தொடங்கிவிட்டான்.

சிதறால் மலையின் சமணச் சிற்பங்கள், வட்டக்கோட்டை, கேரள அரசின் பராமரிப்பில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனை ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும். மாவட்டத்துக்கு வெளியே என்றால் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர் ரயிலோடு ஊரே போனது. இன்றும் சர்ச்சின் சுவர்கள் நிற்கின்றன. ஆனால் அங்கே நடக்கும்போது அது பலருடைய மரணம் நிகழ்ந்த இடம் என்ற நினைவு இருக்கவேண்டும். இடிபாட்டின் கல்லை நினைவுப்பொருளாகப் பையில் போட்டுக்கொண்டு வரக்கூடாது.

இரண்டாவது படி, கேட்டு நுழையும் இடங்கள். ஊரில் பூட்டிக் கிடக்கும் ஓட்டுவீடு, ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்திய பழைய கட்டடம், ஓடாத ரைஸ் மில் எதற்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார். “மாமா, ஸ்கூல் புராஜெக்ட்டுக்குப் படம் எடுக்கணும், நீங்களும் கூட வாங்க” என்று கேட்டால் சாவியோடு கதையும் வரும். எந்த மெஷின் எந்த வருஷம் நின்றது, கடைசியாக வேலை செய்தது யார் என்பதெல்லாம் சுவரில் எழுதியிருக்காது. ராத்திரி சுவர் ஏறிக் குதித்தவனுக்கு வெறும் இருட்டுதான் கிடைக்கும்.

மூன்றாவது படி, காடு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்ற 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகு தமிழ்நாட்டில் ட்ரெக்கிங் விதிகள் கடுமையாகின. 2024 அக்டோபரில் அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கி 40 பாதைகளை அறிவித்தது. இணையத்தில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போகலாம். வழிகாட்டிகளில் பலர் அந்தந்தப் பகுதிப் பழங்குடி, கிராம இளைஞர்கள். கன்னியாகுமரி மாவட்டத்துப் பாதைகளும் அதில் உண்டு. வயது நிபந்தனைகளைப் பதிவுக்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பையில் என்ன இருக்கவேண்டும்?

கெட்டியான ஷூ, முழுக்கால் பேன்ட். டார்ச் இரண்டு, போன் லைட் கணக்கில் வராது. தண்ணீர், சின்ன முதலுதவிப் பொட்டலம், பவர் பேங்க். தூசிக்கு மாஸ்க். ஒரு நோட்டும் பேனாவும்.

இவற்றைவிட முக்கியம் மூன்று பழக்கங்கள். ஒன்று, தனியாகப் போகாதே. மூன்று பேர் நல்லது. ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்க, ஒருவர் ஆள் கூப்பிடப் போகலாம். இரண்டு, எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். மூன்று, ‘வேண்டாம்டே, போதும்’ என்று குழுவில் ஒருவர் சொன்னாலும் எல்லோரும் திரும்ப வேண்டும். பயந்தாங்கொள்ளி என்று கிண்டல் செய்யும் கூட்டத்தோடு போகவே கூடாது.

படத்தைப் போடும்போது லொகேஷனை மறைத்துவிடுவது இந்த வட்டாரத்தின் நல்ல வழக்கம். ஒரு ரீல் வைரலானால் அடுத்த வாரம் அங்கே பாட்டிலும் பெயின்ட்டும் வந்துவிடும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

“எங்கயும் போகக் கூடாது” என்றால் பிள்ளை போகாமல் இருக்கப்போவதில்லை. சொல்லாமல் போகும், அவ்வளவுதான். ஆபத்து கூடுவது அங்கேதான். “மக்ளே, எங்க போற? நானும் வாறேன்” என்று அம்மாவோ அப்பாவோ ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடப் போய்விட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

வீட்டில் பாட்டா இருந்தால் இன்னும் விசேஷம். பேச்சிப்பாறை, குலசேகரம் வட்டாரத்தில் தோட்டத்திலோ மின்வாரியத்திலோ பொதுப்பணித் துறையிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நிறைய. பையன் சுவர் தாண்டிப் பார்க்க நினைக்கும் அந்தக் குவார்ட்டர்ஸில் இருபது வருஷம் குடியிருந்தவர் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கலாம். போனில் ரெக்கார்டரைத் தட்டிவிட்டு, “பாட்டா, அந்தக் காலத்துல அங்க எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் போதும். கட்டடம் இன்னும் பத்து மழைக்குத் தாங்கலாம். அவர் நினைவுக்கு அந்த உத்தரவாதம்கூட இல்லை.

ஆசிரியர்களுக்கும் இதில் இடம் உண்டு. ‘எங்கள் ஊரின் பழைய கட்டடங்கள்’ என்று ஒரு புராஜெக்ட் கொடுத்து, உரிய அனுமதியும் வாங்கிக் கொடுத்தால், வேலி தாண்டவேண்டிய அவசியமே வராது.

கடைசியாக ஒன்று

அர்பெக்ஸின் மையம் எளிமையான ஒரு கேள்விதான்: இங்கே யார் இருந்தார்கள், ஏன் போனார்கள்? அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவருக்கு வேலி தாண்டாத இடத்திலும் விடை இருக்கும். கேட்கத் தெரியாதவருக்கு எந்தச் சுரங்கத்துக்குள் போனாலும் செல்ஃபி மட்டும்தான் மிஞ்சும்.

பேச்சிப்பாறைப் பையன் இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். அணைக்குப் போய், எல்லோரும் கடந்துபோகிற மிஞ்சினின் கல்லறைக்கு முன்னால் ஐந்து நிமிடம் நிற்கட்டும். கடல் கடந்து வந்த ஒரு ஆள், 45 வயதைத் தாண்டுவதற்குள் இங்கேயே முடிந்துபோனார். அவர் தேக்கிய தண்ணீரில் நாஞ்சில் நாட்டு வயல்கள் இன்றும் நனைகின்றன. இவர் யார், கூட வேலை செய்த கூலியாட்கள் யார், அவர்கள் எங்கே தங்கினார்கள், அவர்களுக்கு ஏன் ஒரு கல்கூட இல்லை?

இந்தக் கேள்விகளுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.